‘வெறும் பொருள் வழங்கல்’: வளரும் நாடுகளில் பெருநிறுவனங்களின் மனித உரிமை விழிப்புக் கடமையும் இந்தியச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவனங்கள் தம் தொழிலாலும் தம் வழங்கல் சங்கிலியாலும் நேரும் மனித உரிமைக் கேடுகளைத் தாமே தேடிக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்னும் விழிப்புக் கடமை, 2017 முதல் ஐரோப்பிய நாடுகளில் சட்டவடிவம் பெற்று வருகிறது. அச்சட்டங்கள் இருக்கும்போது, பொருள் உற்பத்தியாகும் வளரும் நாடுகளுக்குத் தனிச்சட்டம் எதற்கு என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. கராச்சித் தீவிபத்து வழக்கு, பிரேசிலின் பொதுப் பதிவேடு, இந்தியாவின் நிறுவனச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஆகியவற்றின் துணைகொண்டு, வெளிநாட்டு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கிலும் உற்பத்தி நாட்டின் சட்டமே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதையும், விழிப்புக் கடமைக்குரிய அடிப்படைகள் இந்தியச் சட்டத்தில் முன்பே உள்ளன என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: விழிப்புக் கடமை, வழங்கல் சங்கிலி, மெய்ப்பிக்கும் பொறுப்பு, முதன்மை வேலையளிப்பவர், காலவரம்பு, நூற்பாலை.

முன்னுரை

2012 செப்டம்பர் 11 அன்று பாகிஸ்தானின் கராச்சி நகரில் அலி எண்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்ததில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சன்னல்களில் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்தன. தப்பிச் செல்லும் வழிகள் அடைபட்டிருந்தன. அத்தொழிற்சாலை சில வாரங்களுக்கு முன்னர்தான் எஸ்.ஏ. 8000 என்னும் பன்னாட்டுச் சமூகத் தரச் சான்றைப் பெற்றிருந்தது. அதன் உற்பத்தியில் பெரும்பகுதியை ஜெர்மனியின் மலிவுவிலை ஆடை நிறுவனமான கிக் வாங்கிவந்தது. தீ தற்செயலாகப் பற்றியதன்று, வைக்கப்பட்டது என்று 2020-இல் கராச்சிப் பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீ வைத்தவர் யார் என்பதற்கு அத்தீர்ப்பு விடை கூறுகிறது. உள்ளே இருந்தவர்களால் ஏன் வெளியே வர இயலவில்லை என்பது வேறு வினா. அதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர் ஆலை உரிமையாளர் மட்டுந்தானா, சான்றளித்தவருமா, பொருளை வாங்கியவருமா என்பதே விழிப்புக் கடமைச் சட்டங்கள் எழுப்பும் சிக்கல்.

ஏழு மாதங்களில், 2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். இத்தகைய பேரிழப்புகளே ஐரோப்பியச் சட்டமன்றங்களை அசைத்தன. 2017-இல் பிரான்சும், 2021-இல் ஜெர்மனியும் நார்வேயும் சட்டம் இயற்றின. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பொது நெறியாணை ஒன்றை நிறைவேற்றியது.

இறந்தவர்களின் நாடுகளில் நிலை வேறு. தாய்லாந்து 2019-இலும் பாகிஸ்தான் 2021-இலும் வியட்நாம் 2023-இலும் தேசியச் செயல்திட்டங்களை வெளியிட்டன. இந்தோனேசியா 2023-இல் குடியரசுத் தலைவரின் ஒழுங்குமுறை வழியாகத் தேசிய உத்தியொன்றை வகுத்தது. இவை அரசின் எண்ணத்தைக் கூறும் ஆவணங்களே. இவற்றைக் காட்டி எந்தத் தொழிலாளியும் எந்த நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடுக்க இயலாது.

விழிப்புக் கடமை

2011 ஜூன் மாதம் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் மன்றம், பேராசிரியர் ஜான் ரக்கி வகுத்த 31 வழிகாட்டு நெறிகளை ஏற்றது. காப்பது அரசின் கடமை, மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, கேடு நேர்ந்தால் தீர்வு பெறுவதற்கு வழி இருக்க வேண்டும் என்னும் மூன்று தூண்களின்மேல் அந்நெறிகள் நிற்கின்றன. இவற்றுள் 17 முதல் 21 வரையிலான நெறிகள் விழிப்புக் கடமையை விளக்குகின்றன. ஒரு நிறுவனம் தன் செயலால் யாருக்கு எத்தகைய கேடு நேரக்கூடும் என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். அதைத் தடுக்க வேண்டும். தடுப்பு பயன்தந்ததா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். செய்ததை வெளியே சொல்ல வேண்டும்.

நிறுவனங்களை வாங்கி விற்கும்போது கணக்குவழக்குகளைச் சரிபார்க்கும் வணிக வழக்கத்திலிருந்து இக்கருத்து எடுக்கப்பட்டது. அங்கே பார்க்கப்படுவது முதலீட்டாளருக்கு நேரக்கூடிய இடர். இங்கே பார்க்க வேண்டியது தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் நேரக்கூடிய இடர். நடைமுறையில் இவ்வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. நிறுவனங்களின் அறிக்கைகள் பலவற்றில் ‘மனித உரிமை இடர்’ என்பது நிறுவனத்தின் நற்பெயருக்கு வரும் இடராகவே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

கடல் கடந்த வழக்கு நின்ற இடம்

கராச்சித் தீவிபத்தில் உயிர் பிழைத்த ஒருவரும், இறந்தோரின் உறவினர் மூவரும் 2015 மார்ச்சில் ஜெர்மனியின் டார்ட்மண்டு மாவட்ட நீதிமன்றத்தில் கிக் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். ஒவ்வொருவரும் கேட்ட இழப்பீடு 30,000 யூரோ. ஜெர்மானிய நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டதே பெரும் முன்னேற்றமாகக் கருதப்பட்டது. ஆனால் 2019 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது. வாங்குநருக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா என்னும் வினாவை நீதிமன்றம் தொடவே இல்லை. பாகிஸ்தானியச் சட்டத்தின்படி காலவரம்பு கடந்துவிட்டது என்பதே தள்ளுபடிக்குக் காரணம்.

ஜெர்மானிய நீதிமன்றம் பாகிஸ்தானியச் சட்டத்தை எடுத்தாண்டதற்குக் காரணம் ‘ரோம் இரண்டு’ என வழங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. ஒப்பந்தம் சாராத தீங்குகளுக்கு, பொதுவிதியாக, தீங்கு நேர்ந்த நாட்டின் சட்டமே பொருந்தும் என்று அது கூறுகிறது. காலவரம்பும் அச்சட்டத்தின்படியே கணக்கிடப்படும். ஆகவே வழக்கு பெர்லினில் நடந்தாலும் பாரிசில் நடந்தாலும், தீர்ப்பின் அளவுகோல் கராச்சியிலிருந்தோ டாக்காவிலிருந்தோ சென்னையிலிருந்தோதான் செல்கிறது. வளரும் நாடுகளின் சட்டமியற்றுதல் பற்றிய விவாதங்களில் இக்கருத்து உரிய அளவு பேசப்படவில்லை.

2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய வழங்கல் சங்கிலிச் சட்டம் இந்நிலையை மாற்றவில்லை. அச்சட்டத்தின் கடமையை மீறியதனால் மட்டும் உரிமையியல் பொறுப்பு எழாது என்று அதிலேயே எழுதப்பட்டுள்ளது. கண்காணிப்பும் அபராதமும் அரசு அலுவலகத்தின் கையில் உள்ளன. 2024-ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறியாணை, முதலில் நிறைவேறிய வடிவில், வேறெந்த நாட்டின் சட்டம் பொருந்துவதாயினும் நெறியாணை கூறும் இழப்பீட்டுப் பொறுப்பு செல்லும் என்று கூறியிருந்தது. கராச்சி வழக்கைப் போன்றவற்றை மனத்திற்கொண்டே அவ்விதி சேர்க்கப்பட்டது எனலாம். 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திருத்தத் தொகுப்பு அதை நீக்க முன்மொழிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாடு அந்நீக்கத்தை ஏற்றதோடு, நெறியாணை 5,000-க்கு மேற்பட்ட பணியாளர்களும் 150 கோடி யூரோவுக்கு மேற்பட்ட விற்றுமுதலும் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தும் என்று வரம்பையும் சுருக்கியது. பிறநாட்டுச் சட்டமன்றத்தின் பெரும்பான்மை மாறினால் கரையக்கூடிய பாதுகாப்பு, உற்பத்தி நாட்டுத் தொழிலாளிக்கு உரிமையாகாது; அது இரவற்பொருள்.

இந்தியாவுக்கு இப்பட்டறிவு புதிதன்று. 1984 டிசம்பரில் நிகழ்ந்த போபால் நச்சுவாயுக் கசிவுக்காக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை, இந்திய நீதிமன்றங்களே உகந்த மன்றம் என்று கூறி 1986-இல் நியூயார்க் நீதிமன்றம் திருப்பியனுப்பியது. 1989-இல் 47 கோடி டாலருக்குச் செய்துகொள்ளப்பட்ட சமரசத்தில் அவ்வழக்கு முடிந்தது. கூடுதல் இழப்பீடு கோரி நடுவணரசு தொடுத்த சீராய்வுக் கோரிக்கையை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்தியச் சட்டம் கேட்பவை: செலவும் அறிக்கையும்

நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைக் கடந்த நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இதைக் கொண்டு, நிறுவனப் பொறுப்பைக் கட்டாயமாக்கியதில் இந்தியா உலகுக்கு முன்னோடி என்று கூறுவோர் உண்டு. ஆனால் எது சமூகப் பொறுப்புப் பணி என்பதை வரையறுக்கும் விதிகளை நோக்கினால் வேறொன்று புலப்படும். நிறுவனத்தின் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யப்படுபவையும், அதன் பணியாளர்களுக்கு நலம் தருபவையும் அக்கணக்கில் சேரா. பள்ளிக்குக் கழிவறை கட்டலாம். தன் ஆலை விடுதியின் கழிவறையைச் சீர்செய்வது அதில் அடங்காது. தன் கடமையைச் செய்வதற்கு அறக்கொடைப் பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது என்ற வகையில் இவ்விலக்கு முறையானதே. எனினும், இலாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை இப்பிரிவு கேட்பதில்லை. ஈட்டியதில் ஒரு பங்கு எங்கே சென்றது என்பதை மட்டுமே கேட்கிறது.

அடுத்தது அறிக்கை. நிறுவன விவகார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் ஒன்பதனுள் ஐந்தாவது, மனித உரிமைகளை மதித்தல் பற்றியது. இதன் அடிப்படையில் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி 2021 மே மாதம் ஓர் அறிக்கைப் படிவத்தை வகுத்து, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியது. படிவத்தில் வினாக்கள் இருவகை: கட்டாயமாக விடையளிக்க வேண்டியவை, விரும்பினால் விடையளிக்கக் கூடியவை. மனித உரிமை விழிப்பு ஆய்வு ஏதேனும் நடத்தப்பட்டதா, அதன் எல்லை யாது என்னும் வினா இரண்டாம் வகையில் வைக்கப்பட்டுள்ளது. வழங்குநர் ஆலைகளை மதிப்பிட்டது பற்றிய வினாவும் அவ்வாறே. முதல் 250 நிறுவனங்கள் தம் மதிப்புச் சங்கிலி குறித்தும் தகவல் தர வேண்டும் என்று 2023-இல் செபி கொண்டுவந்த விதி, பின்னர் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, விருப்பத்திற்குரியதாகவும் மாற்றப்பட்டது.

விருப்பத்திற்குரிய ஒரு வினாவுக்கு விடையாக ஒரு நிறுவனம் ‘நடத்தப்படவில்லை’ என்று எழுதினாலும் சட்டமீறல் ஏதும் நேராது. அறிக்கை பொய்யாக இருந்தால் கேள்வி கேட்க முதலீட்டாளருக்கு வழியுண்டு, தொழிலாளிக்கு இல்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தை நாடலாமே என்றால், 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஆணையத்தின் விசாரணையை அரசுப் பணியாளரின் மீறல், அவர்தம் அலட்சியம் ஆகியவற்றை ஒட்டியே அமைத்துள்ளது. தனியார் நிறுவனம் அதன் நேர்ப்பார்வைக்குள் வருவதில்லை.

‘வெறும் பொருள் வழங்கல்’

மேற்கண்டவற்றால், விழிப்புக் கடமை என்பது இந்தியச் சட்ட மரபுக்கு அயலானது என்று கருதிவிடலாகாது. பிறருடைய ஆளுக்கு நான் பொறுப்பாவேனா என்னும் வினாவுக்கு இந்தியச் சட்டம் முன்பே ‘ஆம்’ என்று விடையளித்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம், 1970-இன் 21-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் அதைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. பின்னர் ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள முடிந்தது. தவறு யாருடையது என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

நீதிமன்றங்களும் இவ்வழியில் நடந்துள்ளன. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு தடைசெய்யும் வலுக்கட்டாய உழைப்பே என்றும், அவ்வுறுப்பு தனியாருக்கு எதிராகவும் செல்லும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. தில்லி ஒலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில், அபாயகரமான தொழில் செய்யும் நிறுவனம் தான் போதிய கவனத்துடன் இருந்ததாகக் கூறித் தப்பமுடியாது என்னும் முழுமையான பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது. பிந்தியது ஐரோப்பிய விழிப்புக் கடமையினும் கடுமையானது; கவனமாக இருந்ததே அங்குத் தற்காப்பாக ஏற்கப்படுகிறது.

ஆனால் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப் பிரிவில் ஒரு சிறு விலக்கு இருந்தது. ‘ஒப்பந்தக்காரர்’ யார் என்று கூறுமிடத்தில், நிறுவனத்துக்கு வெறுமனே பொருள் வழங்குபவர் அதில் சேரார் என்றது. ஆளை அனுப்பினால் பொறுப்பு உண்டு. அதே ஆள் வேறொரு கூரையின்கீழ் அமர்ந்து செய்த பொருளை அனுப்பினால் பொறுப்பு இல்லை. ஒரே வளாகத்துக்குள் உற்பத்தி நடந்த காலத்தில் இது சிறு விலக்கு. இன்றோ ஆடைத் தொழில் முழுமையும் இவ்விலக்குக்குள் அடங்கும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்பும் இச்சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டுள்ளது. ஆய்வாளரின் பதவிப்பெயரோடு ‘வசதியாக்குநர்’ என்பதைச் சேர்க்க நேரம் கண்ட சட்டமியற்றுநர், இவ்விலக்கின்மேல் கண்வைக்கவில்லை.

தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். பஞ்சு ஒரு நூற்பாலையில் நூலாகிறது, நூல் வேறிடத்தில் பின்னப்படுகிறது, சாயமேற்றுதல் வேறிடத்தில், வெட்டுதலும் தைத்தலும் இன்னோரிடத்தில். ஒவ்வொன்றும் தனி நிறுவனம். வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கையாளர் பெரும்பாலும் வந்து பார்ப்பது கடைசிக் கட்டத்தைத்தான். நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டுக்கால ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, ஊதியத்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, காலம் முடிந்தபின் திருமணச் செலவுக்கென்று மொத்தமாகத் தரும் சுமங்கலித் திட்டம் இக்கண்காணிப்புக்கு எட்டாத கட்டத்திலேயே வளர்ந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ உள்ளிட்ட ஆய்வமைப்புகள் 2011-இலும் 2014-இலும் அறிக்கைகள் வெளியிட்ட பிறகே வாங்குநர்கள் பலர் நூற்பாலைகளைக் குறித்துப் பேசத் தொடங்கினர். பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத ஆலைக்குச் செபியின் படிவம் பொருந்தாது. வாங்குநருக்குப் பொருள் மட்டுமே போவதால் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய சட்ட விதிகளும் பொருந்தா.

பிரேசில் சென்ற வழி

வளரும் நாடுகளுள் பிரேசிலின் பட்டறிவு தனித்து நோக்கத்தக்கது. அங்கு 2022 மார்ச்சில் நாடாளுமன்றக் கீழவையில் முன்வைக்கப்பட்ட 572-ஆம் எண் மசோதா, உற்பத்திச் சங்கிலி முழுமைக்கும் கூட்டுப் பொறுப்பையும், மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவரிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றுவதையும் முன்மொழிகிறது. மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2003-இல், பிரேசில் எளிய கருவியொன்றை உருவாக்கியிருந்தது. அடிமைநிலையில் ஆள்களை வேலைவாங்கியதாக நிர்வாக விசாரணையில் இறுதியாக முடிவான வேலையளிப்போரின் பெயர்களை அரசு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. ‘அழுக்குப் பட்டியல்’ என்று மக்கள் வழக்கில் பெயர் பெற்ற இப்பதிவேட்டில் ஒரு பெயர் இரண்டாண்டு நிற்கும். இப்பதிவேட்டில் இருப்போருக்கு வேளாண் கடன் வழங்கக் கூடாது என்று தேசிய நாணய மன்றம் விதித்தது. அப்பெயர்களிடமிருந்து கொள்முதல் செய்வதில்லை என்று பெருநிறுவனங்கள் பல 2005-இல் உடன்படிக்கை செய்துகொண்டன.

இங்கே அடிப்படை அரசின் ஆய்வு. 1995 முதல் நடமாடும் ஆய்வுக் குழுக்கள் 60,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை மீட்டுள்ளன. களத்தில் அரசு கண்டறிந்ததை வெளிப்படையாக்கியதும், வாங்குநர் ‘எனக்குத் தெரியாது’ என்று கூறும் வாய்ப்பு குறைந்தது. பதிவேட்டின் வலிமைக்கு அது சந்தித்த எதிர்ப்பே சான்று: 2014 இறுதியில் கட்டுமான நிறுவனங்களின் சங்கம் பெற்ற இடைக்காலத் தடையால் வெளியீடு நின்றது, 2017-இல் மீண்டும் தொடங்கியது, 2020 செப்டம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பதிவேடு அரசமைப்புக்கு உட்பட்டதே என்று உறுதிசெய்தது.

குறையும் உண்டு. 2019 ஜனவரியில் புருமாடினோ சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் மாண்டனர். அவ்வணை நிலைத்தன்மையுடன் இருப்பதாக ஜெர்மானியத் தணிக்கை நிறுவனத்தின் பிரேசில் கிளை சில மாதங்களுக்கு முன்பு சான்றளித்திருந்தது. கராச்சியில் கண்டதே இங்கும். தணிக்கைக்குக் கூலி தருபவரே தணிக்கைக்கு உட்படுபவராக இருக்கும்வரை, சான்றிதழை விழிப்புக்குச் சான்றாக ஏற்பது பொருந்தாது. விழிப்புக் கடமைச் சட்டம் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும், சான்றிதழ் பெற்றிருப்பதே தற்காப்பு என்னும் விதி அதில் இடம்பெறலாகாது.

செலவைச் சுமப்பவர்

சட்டம் வந்தால் ஆர்டர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பது தொழில்முனைவோரின் அச்சம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐரோப்பியச் சட்டங்கள் நடைமுறையில் செயல்படும் முறையே அதற்குக் காரணம்: வாங்குநர் தன் கடமையை நடத்தை விதிகளாக எழுதி வழங்குநரின் கையெழுத்தைப் பெறுகிறார், தணிக்கைச் செலவும் திருத்தச் செலவும் வழங்குநர் தலையில் விழுகின்றன, பொருளின் விலை மட்டும் மாறுவதில்லை. ஒரே ஆலை பல வாங்குநர்களின் விதிகளுக்குத் தனித்தனியே உட்படுகிறது. குறைந்த விலையும் குறுகிய காலக்கெடுவுமே மிகைநேர வேலைக்கும் துணை ஒப்பந்தத்துக்கும் காரணமாகும்போது, ஆலையை மட்டும் குற்றம் சாட்டும் சட்டம் பாதி உண்மையையே பார்க்கிறது.

வங்கதேசம் இதற்கு ஒரு விடை தருகிறது. ராணா பிளாசாவுக்குப் பின் 200-க்கும் மேற்பட்ட வாங்குநர்கள் தொழிற்சங்கங்களுடன் செய்துகொண்ட தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்துவது. பழுதுபார்க்கும் செலவை ஆலை ஏற்க இயலும்படி வாங்குநர் வணிக நிபந்தனைகளை அமைக்க வேண்டும் என்பது அதன் விதி. அதை மீறியதாகக் கூறிச் சங்கங்கள் இரு பன்னாட்டு நிறுவனங்கள்மீது ஹேக் நகரின் நிலையான நடுவர் மன்றத்துக்குச் சென்றன. இரு வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. அந்த ஆண்டுகளில் வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதி குறையவில்லை, வளர்ந்தது.

2022 ஏப்ரலில் திண்டுக்கல் வட்டாரத்தில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையும் இவ்வகையினதே. ஆடையாலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்து, தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிறுவனத்துடனும் பன்னாட்டு வாங்குநர்களுடனும் பாலின வன்முறைக்கு எதிரான உடன்படிக்கையைச் செய்தது. ஆலை அதை மீறினால் வாங்குநர் வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஓர் உயிர் போனபின், ஒரு சங்கம் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. சங்கம் இல்லாத அடுத்த ஆலைக்கு அது செல்லாது.

இந்தியச் சட்டத்தில் செய்ய வேண்டியவை

இந்தியாவில் தனிச்சட்டம் இயற்றுவதா, இருக்கும் சட்டத்தைத் திருத்துவதா என்னும் விவாதத்தில் இரண்டாவதே விரைவில் பயன்தரும். குறிப்பிட்ட விற்றுமுதலுக்கு மேற்பட்ட வாங்குநர்களைப் பொறுத்தவரை ‘வெறும் பொருள் வழங்கல்’ என்னும் விலக்கை நீக்கினாலே, முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பு சங்கிலியின் அடுத்த கண்ணிக்குச் செல்லும். கொடுத்த விலையில் குறைந்தபட்சக் கூலி தருவது இயலக்கூடியதுதானா என்பதையும், தான் உண்மையாகவே விழிப்புடன் இருந்ததையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்குநருடையதாக வேண்டும். விலைப்பட்டியலும் ஆர்டர் தாளும் அவரிடமே உள்ளன, தொழிலாளியிடம் இல்லை.

தொழிலாளியிடம் இல்லாதது விலைப்பட்டியல் மட்டுமன்று. தான் நூற்ற நூல் யாருக்குப் போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. நார்வேச் சட்டத்தில் எவரும் ஒரு நிறுவனத்திடம் எழுத்துவழித் தகவல் கேட்கலாம். பொதுவாக மூன்று வாரங்களுக்குள் விடை தர வேண்டும். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது அதிகார அமைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. வழங்குநர் பட்டியலை வெளியிடும் கடமை இல்லாதவரை, வாங்குநரின் பொறுப்பு ஏட்டில் இருந்தாலும் யார்மேல் வழக்கிடுவது என்பது தெரியாது.

இறுதியாக, கராச்சி வழக்கை முடித்துவைத்த காலவரம்பு. காலவரம்புச் சட்டம், 1963-இன் எஞ்சிய வகைகளுக்கான விதி, வழக்கிடும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுகள் தருகிறது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டே எல்லை. மோசடியாகவோ மறைத்தோ வைக்கப்பட்ட உண்மை தெரியவந்த நாளிலிருந்து காலத்தை எண்ணலாம் என்று 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடந்தருகிறது. ஆனால் வாங்குநரின் பெயர் தொழிலாளிக்குச் சொல்லப்படாமல் இருப்பது அப்பிரிவு கூறும் மறைப்பாகுமா என்பது தெளிவாக எழுதப்படவில்லை. வாங்குநரின் பெயர் தொழிலாளிக்குத் தெரியவந்த நாளே தொடக்க நாள் என்று ஒரு விளக்கத்தை அப்பிரிவில் சேர்த்தால், அவ்விதி இந்திய நீதிமன்றங்களில் மட்டுமன்றி, இந்தியத் தொழிலாளி ஐரோப்பாவில் தொடுக்கும் வழக்கிலும் பொருந்தும்.